'ஹேவ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அரபியில் என்ன போடுவது? 31 இடத்தில் ஒட்டிய துண்டு

#1 நூலிழை
வணக்கம். ஒரு கைபேசிச் செயலியை ஆங்கிலத்திலிருந்து அரபிக்குக் கொண்டுபோகும் வேலையில் மாட்டியிருக்கிறேன். கோப்பில் முழு வாக்கியங்களே குறைவு. எல்லாம் துண்டு துண்டு. அதில் ஒரு துண்டு 'யூ ஹேவ்'. முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. பாடத்தில் படித்தபடி 'லதைக்க' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

நேற்று சோதனைப் பதிப்பு வந்தது. 'உங்களுக்கு 3 செய்திகள்' என்ற இடத்தில் கச்சிதம். 'நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்' என்று வர வேண்டிய இடத்தில் 'உங்களிடம் வெளியேற்றம்' என்கிற மாதிரி ஏதோ நிற்கிறது. 'புதுப்பித்தாக வேண்டும்' என்ற இடத்தில் 'உங்களிடம் புதுப்பிக்க'. எண்ணிப் பார்த்தேன், அந்த ஒரே துண்டை 31 இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு அரபிச் சொல் உண்டா? நாளை மறுநாள் கொடுக்க வேண்டும்.

(அரபிச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஐன் என்ற எழுத்து சரியாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

#2 பழையபேனா
கிடையாது தம்பி. அரபியை விடுங்கள், தமிழிலேயே அந்தத் துண்டுக்கு என்ன போடுவீர்கள்? 'உங்களிடம்' என்றால் செய்திக்குச் சரி, 'வெளியேற்றப்பட்டீர்கள்' என்பதற்கு முன்னால் நிற்காது. ஆங்கிலத்தில் அந்த வினைக்கு மூன்று உத்தியோகம். உடைமை சொல்லும், நடந்து முடிந்ததைச் சொல்லும், கட்டாயத்தையும் சொல்லும். ஒரே சட்டையை மூன்று பேர் மாறி மாறிப் போட்டுக்கொள்கிறார்கள். அரபியில் மூவருக்கும் தனித்தனி உடுப்பு.

#3 அலிஃப்லாம்
சார் சொன்னதோடு இன்னொன்று. உடைமைக்குக்கூட அரபியில் 'ஹேவ்' மாதிரி அன்றாட வினை கிடையாது. முன்னிடைச் சொல்லை வைத்துத்தான் சொல்வார்கள். நான்கு இருக்கிறது.

லீ: 'எனக்கு'. உறவு, உரிமை, ஒரு பொருளின் பாகம். லீ அஃக், எனக்கு ஒரு சகோதரன் உண்டு.
இந்தீ: 'என்னிடம், என் வசம்'. அன்றாடப் பேச்சில் மிகுதியாக ஓடுவது இதுதான். இந்தீ சய்யாரா, என்னிடம் கார் இருக்கிறது. கார் பத்து மைல் தள்ளி நின்றாலும் இதுதான்.
மஈ: 'என்னோடு, இப்போது கையில்'. மஈ கலம், பேனா கையோடு இருக்கிறது. வீட்டு மேசையில் கிடக்கிற பேனாவுக்கு இதைச் சொன்னால் பொய்.
லதய்ய: பொருள் இந்தீ மாதிரிதான், ஆனால் எழுத்து நடை. செய்தி, அலுவல் கடிதம், செயலித் திரை எல்லாவற்றிலும் இதுதான். நூலிழை போட்ட 'லதைக்க' இதன் முன்னிலை வடிவம்.

'யம்லிக்கு' என்று வினை ஒன்று இருக்கிறது. அது 'ஹேவ்' இல்லை, 'சொந்தமாக வைத்திருக்கிறார்'. நிலம், நிறுவனம், சொத்து. 'எனக்கு ஒரு கேள்வி' என்பதற்கு யாராவது 'அம்லிக்கு சுஆல்' என்று எழுதினால் கேள்விக்குப் பட்டா வாங்கிய மாதிரி இருக்கும்.

#4 மாலைவகுப்பு
அண்ணே, இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக ஆங்கிலம் வழியாக அரபி படிக்கிறேன். நம்ம மொழியிலும் 'ஹேவ்' இல்லையே! 'எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார்', 'என்னிடம் பேனா இருக்கிறது', 'கையில் காசு இருக்கு'. எனக்கு = லீ, என்னிடம் = இந்தீ, கையில் = மஈ. 'என்னிடம் ஒரு அண்ணன் இருக்கிறார்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிகிற பேதத்தை ஆங்கிலத்தில் தொலைத்துவிட்டு, அரபியில் மறுபடியும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்னும் பாருங்கள். 'மேசைக்கு நாலு கால்' என்பதற்கு அரபியில் லித்தாவிலா என்று லாம் (லீயில் இருக்கிற அதே 'ல்' எழுத்து) வரும், அதாவது நம்ம 'கு'. 'வீட்டில் மூன்று அறை' என்பதற்கு ஃபில் பைத், அதாவது நம்ம 'இல்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹேஸ்'.

வரிசைகூட ஒத்துப்போகிறது. 'என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது', இந்தீ கிதாப். 'அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது', அல்கிதாப் இந்தீ. குறிப்பிட்ட பொருள் என்றால் அது முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வரிசையில் 'ஐ ஹேவ்' என்றுதான் தொடங்கும்.

#5 சந்தேகப்பிராணி
அக்கா, கொஞ்சம் பொறுங்கள். 'எனக்குத் தலைவலி'. இதற்கு லீ போடுவீர்களா? அரபியில் இந்தீ ஸுதாஃ. 'எனக்கு வேலை இருக்கு', இந்தீ ஷுக்ல். 'எனக்கு ஒரு சந்தேகம்', இந்தீ அல்லது லதய்ய. நம்ம 'எனக்கு' வருகிற பாதி இடத்தில் அவர்களுக்கு 'என்னிடம்'. தமிழ் வழி போனால் இந்தப் பள்ளத்தில் விழுவீர்கள். 'எனக்கு மூன்று பிள்ளைகள்' என்பதற்குக்கூடப் பேச்சில் இந்தீ என்றே தாராளமாகச் சொல்கிறார்கள்.

நோய் விஷயத்தில் இன்னொரு சிக்கல். 'நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டு' என்பதை மருத்துவ அறிக்கையில் பெரும்பாலும் இந்த நான்கில் எதை வைத்தும் எழுதுவதில்லை. முஸாப் பிஸ்ஸுக்கரீ என்பார்கள், 'சர்க்கரையால் தாக்கப்பட்டவர்'. இல்லையென்றால் யுஆனீ மின், 'அவதிப்படுகிறார்'. வலிக்கு யுஃலிமுனீ ரஃஸீ, 'தலை என்னை வலிக்கச் செய்கிறது'.

#6 மாலைவகுப்பு
ஒப்புக்கொள்கிறேன். உடம்புக்கு வருவது, வேலை, சந்தேகம் இதெல்லாம் நமக்கு 'கு', அவர்களுக்கு 'இந்தீ'. அந்த ஒரு மூலையை மட்டும் நினைவு வைத்துக்கொள்கிறேன். மற்றபடி ஆங்கிலத்தை நடுவில் வைப்பதைவிட இது மேல்தான், விடமாட்டேன். :)

#7 அலிஃப்லாம்
இரண்டு பேரும் சொல்வது சரி. இந்த லாமின் குழப்பம் புதிதும் அல்ல. 14ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் இப்னு ஹிஷாம் 'முக்னீ அல்லபீப்' நூலில் இந்த ஒரு எழுத்துக்கு மட்டும் 22 பொருள் எண்ணுகிறார். அதில் 'உடைமை' மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் 'தகுதி', 'உரித்தாதல்' என்று இரண்டு. உரித்தாதலுக்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, 'சேணம் சவாரி மிருகத்துக்கு'. மிருகம் சேணத்தை வாங்கி வைத்திருக்கவில்லை, அது அதற்கு உரியது. மேசைக்குக் கால் அந்த வகை.

நன்னூல் படித்தவர்களுக்கு இங்கே மணி அடிக்க வேண்டும். ஆறாம் வேற்றுமையில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரிப்பார்களே. சாத்தனது கை ஒன்று, சாத்தனது பசு இன்னொன்று. கையை விற்க முடியாது, பசுவை விற்கலாம். லீக்கும் இந்தீக்கும் நடுவே ஓடும் கோடு இதே கோடு அல்ல, ஆனால் பக்கத்துத் தெருவில்தான் ஓடுகிறது.

அதே நூலில் இன்னொரு ருசியான சண்டை. பொருள் இங்கே இல்லாவிட்டாலும் 'இந்தீ மால்' (என்னிடம் செல்வம் உண்டு) என்று சொல்லலாம். 'லதய்ய மால்' என்றால் பொருள் கண்முன் இருக்க வேண்டும் என்று அல்ஹரீரி, அபூ ஹிலால் அல்அஸ்கரி, இப்னு ஷஜரி என்ற பழைய அறிஞர்கள் மூவரும் சொல்கிறார்களாம். கவிஞர் அல்மஅர்ரி மட்டும் 'இரண்டுக்கும் பேதமே இல்லை' என்கிறார். இப்னு ஹிஷாம் மூவர் பக்கம். இன்றைய செய்தித்தாள் முழுக்க அல்மஅர்ரி பக்கம்!

#8 நூலிழை
அருமையாகப் போகிறது, ஆனால் என் 31 துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. :( இடையில் ஒரு சந்தேகம். 'உங்களுக்கு 2 செய்திகள்' என்பதற்கு ரிசாலதைன் என்று போட்டிருக்கிறேன். சரிதானே? 'ஹேவ்' என்றால் செய்தி செயப்படுபொருள், அதனால் இரண்டாம் வேற்றுமை.

#9 அலிஃப்லாம்
தப்பு! இந்தத் தப்பைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இது ஆங்கிலம் தலைக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை. 'உங்களிடம் இரண்டு செய்திகள் இருக்கின்றன' என்பதில் எழுவாய் எது? செய்திகள். அரபியிலும் அப்படியே. எழுவாய் பின்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே லதைக்க ரிசாலதான்.

மற்ற இடங்களில் இந்தப் பிழை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, உயிர்க்குறி போடாமல்தானே எழுதுகிறோம். இருமையில் (இரண்டைக் குறிக்கிற வடிவத்தில்) காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு இடம், 'எனக்கு ஒரு சகோதரன்' என்பதில் தேவையில்லாமல் கடைசியில் அலிஃப் என்ற எழுத்தைச் சேர்த்து 'அஃகன்' ஆக்குவது. லீ அஃகுன்தான். முன்னால் 'இன்ன' (அழுத்திச் சொல்கிற அரபி இடைச்சொல்) வந்தால் மட்டும் இன்ன லீ அஃகன். அது இன்னவின் வேலை, ஹேவின் வேலை அல்ல.

இறந்தகாலத்துக்கும் இதே கணக்கு. 'எனக்கு கார் இருந்தது' என்பதில் 'இருந்தது' காரைத்தான் பார்க்கிறது, என்னைப் பார்க்கவில்லை. அரபியிலும் கானத் இந்தீ சய்யாரா, கார் பெண்பால் என்பதால் கானத். நடுவில் இந்தீ நுழைந்திருப்பதால் 'கான' என்றாலும் விட்டுவிடுவார்கள். 'குன்து' என்று தன்மையில் போட்டால் மட்டும் யாரும் விடமாட்டார்கள்.

#10 பழையபேனா
என் பங்குக்கு ஒரு பழைய அவமானம். ஆரம்ப நாட்களில் ஒரு குத்தகை ஒப்பந்தம் மொழிபெயர்த்தேன். இடம் குத்தகைக்காரர் வசம் இருக்கும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'ஷல் ஹேவ்' என்று இருந்தது. அகராதியைப் புரட்டி, கம்பீரமாக இருக்கட்டும் என்று யம்லிக்கு போட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்துத் திருப்பி அனுப்பினார். வாடகைக்கு வந்தவரை நான் ஒரு வரியில் உரிமையாளர் ஆக்கியிருந்தேன்.

சட்ட அரபியில் ஹியாஸா என்றால் கைவசம் வைத்திருத்தல், மில்கிய்யா என்றால் சொந்தம். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும். உரிமை உண்டு என்பதற்கு யஹிக்கு லி, அதாவது 'இன்னாருக்கு உரித்து'. மறுபடி லாம்.

அந்த லாமுக்கு ஒரு எதிரி உண்டு, 'அலா', மேல். லீ என்றால் எனக்கு வர வேண்டியது. அலய்ய என்றால் என் மேல் இருப்பது. 'எனக்குக் கடன் இருக்கிறது' என்று ஆங்கிலத்தைப் பார்த்து லீ தய்ன் எழுதினால் கணக்கே தலைகீழ், யாரோ எனக்குத் தர வேண்டும் என்று ஆகிவிடும். என் தலைமேல் கடன் என்பதுதான் அலய்ய தய்ன். கட்டாயத்துக்கும் இதே 'மேல்'தான். அலய்ய அன் என்றால் 'செய்தாக வேண்டும்'. நூலிழை, உங்கள் 'புதுப்பித்தாக வேண்டும்' வரிக்கு இது கைகொடுக்கும்.

#11 குறிமுறை
நான் நிரல் எழுதுகிற ஆள், அரபி அரைகுறை. ஆனால் இந்த இழையில் முதல் குற்றவாளி மொழிபெயர்ப்பாளர் இல்லை, எங்கள் கூட்டம்தான். ஒரே மாதிரித் தெரிகிற துண்டை ஒரு சாவியாக்கி (நிரல் அந்தத் துண்டை அழைக்கிற பெயர்) எல்லா இடத்திலும் ஒட்டுவது சோம்பேறித்தனம். ஆங்கிலத்தில் தப்பித்துவிடும், மற்ற மொழியில் பல்லிளிக்கும்.

நூலிழை, 'சாவியை உடைத்து முழு வாக்கியமாகக் கொடுங்கள்' என்று அவர்களிடம் கறாராகக் கேளுங்கள். காரணம் கேட்டால் எண்ணைக் காட்டுங்கள். யூனிகோடின் மொழித் தரவில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒருமை, மற்றவை என்று இரண்டே வகை. அரபிக்கு ஆறு: சுழியம், ஒன்று, இரண்டு, சில, பல, மற்றவை. 3 முதல் 10 வரை ரசாயில் என்று பன்மை. 11 முதல் 99 வரை மறுபடி ஒருமை வடிவம். 100க்கும் ஒருமைதான், ஆனால் வேற்றுமை வேறு. 'செய்தி' என்ற சொல்லுக்கு அந்தக் கடைசிப் பேதம் எழுத்தில் தெரியாது. 'கோப்பு' என்றால் தெரியும், 11க்குப் பின்னால் மிலஃபன் என்று அலிஃப் ஒட்டும், 100க்குப் பின்னால் ஒட்டாது. இரண்டுக்கு எண்ணே வேண்டாம், ரிசாலதான் என்பதிலேயே இரண்டு அடங்கிவிட்டது. இதை எல்லாம் துண்டாக ஒட்டி எப்படிச் சமாளிப்பது?

#12 நூலிழை
அருமை, இதை அப்படியே மின்னஞ்சலில் போடுகிறேன். ஆண்பால் பெண்பால்? பயனர் யார் என்று செயலிக்குத் தெரியாது.

#13 அலிஃப்லாம்
அங்கேதான் லதைக்கவின் அழகு. ஆணுக்கு லதைக்க, பெண்ணுக்கு லதைக்கி, உச்சரிப்பு வேறு. உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. யாரையும் தவறாக அழைக்கமாட்டீர்கள். வினை போட்டால் மாட்டினீர்கள், தம்லிக்கு ஆணுக்கு, தம்லிகீன பெண்ணுக்கு. இறந்தகாலத்திலும் தப்பலாம், 'நீங்கள் வென்றீர்கள்' என்பதற்கு ஃபுஸ்த, ஃபுஸ்தி இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான்.

'வெளியேற்றப்பட்டீர்கள்' என்பதற்குத் தம்ம தஸ்ஜீலு ஃகுரூஜிக். 'உங்கள் வெளியேற்றப் பதிவு முடிந்தது' என்று பெயர்ச்சொல்லில் போய்விடுகிறது.

#14 பழையபேனா
அந்த 'தம்ம' வியாதியை இங்கேயும் கொண்டுவந்துவிட்டீர்களா! எதைச் செய்தாலும் 'முடிந்தது, நிறைவேறியது' என்று எழுதுகிறார்கள். நம்ம ஊடகத்தில் எல்லாவற்றையும் 'மேற்கொண்டார்' என்று எழுதுவது போல. விசாரித்தார் என்று ஒரு வினை இருக்க, விசாரணை மேற்கொண்டார் எதற்கு? அரபியில் நல்ல செயப்பாட்டு வினை இருக்கிறது, அதை ஏன் கொல்ல வேண்டும்?

#15 அலிஃப்லாம்
கட்டுரை என்றால் உங்கள் பக்கம்தான் சார். ஆனால் செயப்பாட்டு வினையை உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் பயனர் செய்வினையாகவே படித்துவிடுவார். திரையில் மூன்று சொல் இடம், அதில் ஒரு புள்ளிக் குழப்பமும் கூடாது. அங்கே தம்ம பிழைத்துப் போகட்டும்.

#16 மாலைவகுப்பு
முடிந்த செயல் பற்றி நானும் ஒன்று. 'ஹேவ்' துணைவினையாக வந்தால் பாதி இடத்தில் கத் (இறந்தகால வினைக்கு முன்னால் வரும் இடைச்சொல்) போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் 'பத்து வருஷமாக இங்கே வசிக்கிறார்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹேஸ் லிவ்ட்'. அதைப் பார்த்து அரபியில் இறந்தகாலம் போட்டேன். ஆசிரியை 'அப்படியானால் அவர் காலி செய்துவிட்டாரா?' என்று கேட்டார். யஸ்குன் என்று நிகழ்காலம்தான் வர வேண்டுமாம். தமிழிலும் 'வசிக்கிறார்' என்றுதானே சொல்கிறோம். மறுபடியும் சுற்றி வந்து அதே குட்டு.

'எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா' என்பதற்கு ஹல் சபக லக அன். 'உங்களுக்கு முன்பே நேர்ந்ததா' என்கிற மாதிரி. 'இன்னும் வரவில்லை' என்பதற்கு லம் யஃதி பஃத். பழைய நடையில் லம்மா என்று ஒரே சொல்லில் 'இன்னும் இல்லை' மொத்தமும் அடங்கிவிடும்.

#17 சந்தேகப்பிராணி
மிச்சமுள்ள சில்லறைகளைப் பட்டியலாகக் கொட்டிவிடாதீர்கள் யாராவது. 'ஹேவ் எ லுக்' என்றால் அல்கா நள்ரா, 'பார்வையை எறிந்தான்', நாம் பார்வை வீசுகிற மாதிரியே. குழந்தை பிறந்ததை அறிவிப்பில் ருஸிக பிமவ்லூத் என்பார்கள், 'ஒரு குழந்தை அருளப்பட்டது'. இரண்டிலும் 'வைத்திருத்தல்' வாசனையே இல்லை. அகராதியில் ஹேவைத் தேடாமல், பின்னால் வருகிற பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். அது எந்த வினையோடு குடித்தனம் நடத்துகிறது என்று தெரிந்துவிடும்.

#18 அலிஃப்லாம்
ஒரு கொசுறு. வட்டாரப் பேச்சில் இந்த முன்னிடைச் சொல் மெல்ல வினையாக மாறிக்கொண்டிருக்கிறது. எகிப்தில் 'என்னிடம் இல்லை' என்பதற்கு மஅந்தீஷ். முன்னால் ம, பின்னால் ஷ், வினையை மறுக்கிற அதே உறை. அரபியிலிருந்து கிளைத்த மால்டா மொழியில் இன்னும் ஒரு படி மேலே. இருக்கிறது என்பதற்கு 'ஆன்தி', இருந்தது என்பதற்கு 'கெல்லி'. கெல்லி வேறொன்றுமில்லை, கான + லீ இரண்டும் ஒட்டிக்கொண்டது. 'எனக்கு இருந்தது' என்பதே தேய்ந்து 'ஹேட்' ஆகிவிட்டது.

#19 நூலிழை
எல்லோருக்கும் நன்றி. நிலவரம்: மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் முணுமுணுத்தார்கள். ஆறு வகைப் பன்மையைத் திரைப்பிடிப்போடு அனுப்பியதும் சாவியை உடைக்கச் சம்மதித்துவிட்டார்கள். 31 இடத்தில் லதைக்க நின்றது 12 மட்டும். 'கணக்கு இருக்கிறதா?' என்பதற்கு ஹல் லதைக்க ஹிஸாப், அது அப்படியே. 'செய்திகள் இல்லை' என்பதை லா தூஜது ரசாயில் என்று மாற்றினேன். 'புதுப்பித்தாக வேண்டும்' என்பதற்கு யஜிபு தஹ்தீஸுத் தத்பீக், யாரையும் விளிக்காமல் நேரே செயலியைப் பற்றி. ரிசாலதைன் ரிசாலதான் ஆனது.

ஒன்றுதான் பாக்கி. காணொளிக் கூட்டத்தில் ஒருவருக்குப் பேசும் முறை வந்ததும் திரையில் 'யூ ஹேவ் த ஃப்ளோர்' என்று வருகிறது. தரை இருக்கிறது என்றா போடுவது?

#20 மாலைவகுப்பு
தரை வேண்டாம்! அரபியில் அங்கே 'சொல்' வரும், கலிமா. அதுவும் 'அந்த'ப் பொருள், குறிப்பிட்டது. அப்படியானால் முன்னால் வந்துவிடும். அல்கலிமது லக். அண்ணே, சரியா?

#21 அலிஃப்லாம்
சரி. எழுத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே, அதுவும் லாபம்.

#22 நூலிழை
போட்டாயிற்று. 31ம் முடிந்தது. அடுத்த துண்டைத் திறந்தேன், 'கெட்' என்று மட்டும் இருக்கிறது. புது இழை தொடங்குகிறேன்.